பேச்சியக்கா கேட்ட இரண்டு கையெழுத்து

போன மாதம் மாட்டுங்காவில் என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தீர்கள். பதிப்பகத்தின் உரிமைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஐந்து பேர், அங்கேயே முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற நான். சாம்பார் முடிந்து ரசத்துக்குக் காத்திருந்தபோது உங்களில் ஒரு பெண் கேட்டாள், "சார், நம்ம புத்தகத்தை நகலெடுக்கறத நிஜமா நிறுத்த முடியுமா?" மற்ற நால்வரும் இலையைப் பார்த்துக்கொண்டார்கள். நான் இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கி, பேச்சை மாற்றினேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. நேராகக் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாதவன் முப்பது வருடம் என்ன கிழித்தான்? அதனால் இதை எழுதுகிறேன்.

முடியாது. அதுதான் பதில். நானே அச்சிடுவேன், நானே விற்பேன், வேறு யாரும் தொடக்கூடாது என்று சட்டம் நமக்கு ஓர் உரிமையைக் கொடுத்திருக்கிறது. காகிதத்தில் அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாராவியில் சந்துக்கு ஒரு ஜெராக்ஸ் மிஷின் இருக்கிறது, எல்லார் சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது. ஒரு கடையைப் பூட்டினால் அடுத்த சந்தில் இரண்டு திறக்கும். ஜூலை மழையில் வீட்டுக்குள் வந்த தண்ணீரை முறத்தால் தள்ளுகிற வேலை இது. அப்படியானால் அந்த உரிமையே வேண்டாமா, நம் சம்பளம் தண்டமா என்று கேட்பீர்கள். வேண்டும். எதற்கு வேண்டும் என்பதைத்தான் நான் காலம் கடந்து தெரிந்துகொண்டேன். யார் கடையைப் பூட்ட வைத்தேனோ அவரிடமே தெரிந்துகொண்டேன்.

நம் நிறுவனத்தின் நர்ஸிங் கைப்புத்தகம் உங்களுக்குத் தெரியும். மும்பையில் நர்ஸிங் படிக்கும் பிள்ளைகள் பையில் அது இல்லாமல் வார்டுக்குள் போவதில்லை. விற்பனையோ வருடா வருடம் சரிந்துகொண்டிருந்தது. வகுப்பில் பாதிப் பேர் கையில் ஜெராக்ஸ் இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று ஒரு வருடம் தேடினேன். ஒருநாள் அந்த முகவரி தானாகவே என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

யாரோ ஒரு மாணவி கம்பெனிக்கு எழுதிய கடிதம் அது. அரைப் பக்கம். "எங்கள் ஜெராக்ஸ் பிரதியில் இந்தப் பக்கத்தைத் திருத்தி வைத்திருக்கிறோம், நீங்களும் புத்தகத்தில் திருத்திவிடுங்கள்" என்று தொடங்கி, பக்க எண்ணைச் சொல்லி, கீழே தாராவி நைன்டி ஃபீட் ரோடில் ஒரு ஜெராக்ஸ் கடையின் முகவரியைப் போட்டிருந்தாள். ஆசிரியர் குழுவுக்குப் போக வேண்டிய கடிதம். "ஜெராக்ஸ்" என்ற சொல்லைப் பார்த்ததும் அவர்கள் அதை எனக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் அந்தச் சொல்லைத்தான் பார்த்தேன். அதற்கு மேல் ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. முகவரியைக் குறித்துக்கொண்டு, கடிதத்தைச் சாட்சிக் கோப்பில் வைத்தேன். அன்று நான் மிகச் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அடுத்தது நம் வழக்கமான காரியம். முதலில் ஆள் அனுப்பி அந்தக் கடையில் ஒரு பிரதி வாங்கினோம். பிறகு புகார், போலீஸ், சோதனை. நானும் கூடவே போனேன். கடையின் உரிமையாளர் பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து தாராவியில் இருபது வருடத்துக்கு மேல் இருப்பவர். கணவர் இறந்த பிறகு தனியாகக் கடையை நடத்துகிறார். எல்லாருக்கும் பேச்சியக்கா. மிஷினை வண்டியில் ஏற்றியபோது அவர் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. நகலெடுக்க வைத்திருந்த மூலப்பிரதியை, அவர்கள் மாஸ்டர் என்று சொல்லும் தடிமனான தாள்கட்டை, நான் கையில் எடுத்தபோது மட்டும் வாயைத் திறந்தார்.

"அத மட்டும் விட்டுட்டுப் போங்க சார். பிள்ளைகளுக்கு வேண்டியது அதுலதான் இருக்கு."

திருட்டுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா என்று நினைத்துக்கொண்டேன். மாஸ்டரும் சாக்குக்குள் போனது, கடைக்குச் சீல் வைத்தார்கள். செய்தி ஒரே நாளில் கல்லூரிகளில் பரவியது. பயந்துபோன பிள்ளைகள் தங்களிடம் இருந்த ஜெராக்ஸ்களைக் கிழித்துப் போட்டார்கள். அதையும் நான் விடவில்லை. கல்லூரி வாசலில் மேஜை போட்டு, துணிப் பதாகை கட்டி, "அசலையே வாங்குங்கள்" என்று தள்ளுபடியில் புத்தகம் விற்றோம். இரண்டே நாளில் தீர்ந்துபோனது. நிறுவனத்தின் எம்.டி. எனக்குக் கைகொடுத்தார்.

இனிமேல்தான் கதை. வழக்குக்காக நம் புத்தகத்தையும் கடையில் வாங்கிய பிரதியையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பட்டியல் கொடுக்க வேண்டும். வக்கீலுக்கு இரண்டும் ஒன்றாக இருக்கும் பக்கங்கள் போதும். வேறுபாடு இருந்தால் தாண்டிவிடுங்கள் என்றார். ஒரு வியாழக்கிழமை மதியம் நானே உட்கார்ந்து புரட்டினேன். ஒன்று, ஒன்று, ஒன்று என்று குறித்துக்கொண்டே போனவன் சலைன் அட்டவணைப் பக்கத்தில் நின்றேன். அங்கே ஒன்றாக இல்லை. ஜெராக்ஸில் அட்டவணையின் தலைப்பு மேல் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி நகலெடுத்திருந்தார்கள். சீட்டின் ஓரத்தில் இரண்டு சின்னக் கையெழுத்துகள். இந்தப் பக்க எண்ணை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்ற, சாட்சிக் கோப்பைத் திறந்து அந்தக் கடிதத்தை முதல் முறையாக முழுதும் படித்தேன்.

சலைன் இறக்கும் குழாயில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சொட்டு பெரியது, மற்றதில் சிறியது. எந்தக் குழாய் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று சொல்வதுதான் அந்த அட்டவணை. நம் புத்தகத்தில் இரண்டு தலைப்பும் இடம் மாறி அச்சாகியிருப்பதாகக் கடிதம் சொன்னது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

என் மனைவி லலிதா செம்பூரில் ஒரு மருத்துவமனையில் வார்டு சிஸ்டர். திலக் நகர் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டு பக்கத்தையும் அவள் முன் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏன்னா, இதை யார் பாத்து அச்சடிச்சா? சீட்டு ஒட்டினதுதான் சரி. உங்க புஸ்தகத்தை நம்பிப் பெரிய சொட்டுக் குழாய்ல கொழந்தைக்கு ஏத்தினா மூணு மடங்காக்கும் ஏறும்."

பதாகை கட்டி நான் விற்ற அத்தனை புத்தகத்திலும் அந்தப் பக்கம் இருந்தது. வாங்கிய பிள்ளைகளில் பலருக்கு வருகிற திங்கள்கிழமை முதல் வார்டுப் பயிற்சி. சரியான பிரதியைப் பிடுங்கிவிட்டுத் தவறான பிரதியைக் கையில் கொடுத்தவன் நான். அதுவும் தள்ளுபடியில்.

வெள்ளி காலை எம்.டி.யிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. முகம் வெளுத்துப்போய் வக்கீலை அழைத்தார். ஒலிபெருக்கியில் வக்கீலின் குரல் நிதானமாக வந்தது. நம் தவறை நாமே ஒப்புக்கொண்டால் வழக்கு நீர்த்துவிடும், எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும், அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் திருத்திவிடலாம், அதுவரை யாரும் வாயைத் திறக்க வேண்டாம். எம்.டி. என்னைப் பார்த்தார். வார்டுகளில் மூத்த நர்ஸுகள் இருப்பார்களே, கவனிக்க மாட்டார்களா என்றார். கவனிக்கலாம். கவனிக்காமலும் போகலாம். இரவெல்லாம் நானும் அந்தச் சமாதானத்தைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், தூக்கம் வரவில்லை. "வழக்கு தோற்றால் நான் பொறுப்பு சார். எழுதியே கொடுக்கிறேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இந்தத் தந்திரம் வேலையில் ஒரு தடவைதான் செல்லும், பார்த்துப் பயன்படுத்துங்கள்.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. யாருக்குச் சொல்வது? மேஜை போட்டு விற்றோமே தவிர, வாங்கியவர்கள் யார் என்று எங்களிடம் ஒரு பெயர்கூட இல்லை. பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தால் எந்தப் பிள்ளை படிக்கும்? அந்தப் பிள்ளைகளையெல்லாம் தெரிந்தவர் மும்பையில் ஒருவர்தான் இருந்தார்.

சீல் வைத்த கடைக்கு அடுத்த கடையில், லாமினேஷன் செய்பவரிடம் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார் பேச்சியக்கா. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு எங்கள் புத்தகத்தில், திருத்தம் உங்கள் பிரதியில், அது தெரியாமல் செய்துவிட்டேன் என்று.

"தெரியாமலா?" என்றார். "நாங்கதான சார் எழுதிப் போட்டோம்? கடை அட்ரஸையும் போட்டுத்தான அனுப்பச் சொன்னேன். பதில் வரும்னு பாத்தா போலீஸ் வருது."

மன்னிப்புக் கேட்டேன். நடுரோட்டில், லாமினேஷன்காரர் பார்த்துக்கொண்டிருக்க, நிஜமாகவே கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. அவர் மனம் வேறு எங்கோ போய்விட்டிருந்தது.

"ஒரிஜினல் வாங்குன பிள்ளைக யாரு யாரு?"

தெரியாது என்றேன்.

"வித்தவங்களுக்கு வாங்குனது யாருன்னு தெரியாதா?"

முப்பது வருட வேலையில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. உரிமை எங்களுடையது என்று நிரூபிக்க எத்தனையோ பத்திரம் வைத்திருந்தோம். புத்தகம் யார் கைக்குப் போகிறது, அவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்கவில்லை.

பேச்சியக்கா ஸ்டூலுக்கு அடியிலிருந்த பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். ஃபோனில் பிள்ளைகளோடு வைத்திருந்த குழுவைப் பயத்தில் அழித்துவிட்டார், நோட்டை அழிக்கவில்லை. தன்னிடம் பிரதி வாங்கிய ஒவ்வொரு பெண்ணின் பெயரும் நம்பரும் அதில் இருந்தன. பிற்பாடு ஏதாவது பக்கத்தில் திருத்தம் வந்தால் கூப்பிட்டு அந்த ஒரு பக்கத்தை மட்டும் இனாமாகக் கொடுப்பாராம். இப்போது அசல் வாங்கியிருப்பவர்களும் அநேகமாக இதே பிள்ளைகள்தான் என்றார். கூப்பிட்டுச் சொன்னால் போதாதா என்றேன். ஃபோனில் கேட்டது வார்டு வாசலில் மறந்துபோகும், சீட்டு அடித்துப் புத்தகத்திலேயே ஒட்ட வேண்டும் என்றார். மிஷின் எங்கே இருக்கிறது என்று இருவருக்குமே தெரியும். "எங்க ஆபீஸ்ல அடிக்கிறேன்" என்றேன்.

நிறுவனத்தின் தாளில் திருத்தத்தை அழகாகத் தட்டச்சு செய்து, மேலாளர் என்று என் கையெழுத்தும் முத்திரையும் போட்டு மதியம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு கையெழுத்து இது?"

"என்னுடையதுதான்."

"நீங்க நர்ஸா?"

"இல்லை."

"அப்ப செல்லாது சார். ரெண்டு நர்ஸு கையெழுத்து வேணும். எனக்கு இங்கிலீஷு வாசிக்கத் தெரியாது. யாரு என்ன திருத்தம் கொண்டாந்தாலும் வார்டுல வேல பாக்குத ரெண்டு பேரு பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் மாஸ்டர்ல ஒட்டுவேன். எம் மவளே கொண்டாந்தாலும் அப்படித்தான்."

எங்கள் அலுவலகத்தில் பட்டம் வாங்கிய ஆறு பேர் ஆசிரியர் குழுவில் இருந்தார்கள். ஒருவர் பார்த்தால் மற்றவர் பார்த்ததாக வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். தனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதை மறக்காமலிருந்த ஒரே காரணத்தால் இந்த அம்மாளின் பிரதி எங்கள் அசலைவிடச் சரியாக இருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. பேசாமல் டாக்ஸி பிடித்து செம்பூர் போனேன். லலிதா ஒரு கையெழுத்து, அவளோடு வேலை செய்யும் இன்னொரு சிஸ்டர் ஒரு கையெழுத்து. அன்று மாலை நம் அலுவலக மிஷினில் அந்தச் சீட்டு கட்டுக் கட்டாக வந்தது. ஜெராக்ஸைப் பார்த்து நாங்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தோம். எம்.டி. அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தார். தானே ஒரு கத்திரிக்கோலை எடுத்துச் சீட்டுகளை வெட்டத் தொடங்கினார். அந்த மனிதரை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பேச்சியக்கா ஃபோனும் நோட்டுமாக இருந்தார். பிள்ளைகள் வந்து சீட்டு வாங்கி, அவர் கண் முன்னாலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒட்டியவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. இந்த நோட்டில் இல்லாமல் புதிதாக அசல் வாங்கியவர்களையும் அந்தப் பிள்ளைகளே தேடி இழுத்து வந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் ஒரே ஒரு பெயர் பாக்கி. இசக்கி, இரண்டாம் வருடம். ஃபோன் அணைந்து கிடந்தது. வீட்டுக்கு ஆள் அனுப்பினால் நெருளில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், அங்கிருந்து நேராகத் திங்கள் காலை தேவ்நாரில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள் என்றார்கள். எந்த வார்டு என்று விசாரித்தோம். குழந்தைகள் வார்டு.

திங்கள் ஆறரை மணிக்கு நானும் பேச்சியக்காவும் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். ஏழு மணிக்குள் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள், அதில் இசக்கி இல்லை. ஏழு பத்து ஆனது. பின்பக்க வாசல் ஒன்று இருப்பதாகக் காவலாளி சொன்னதும் பேச்சியக்கா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார், நான் மூச்சிரைக்கப் பின்னால் போனேன். வார்டு வாசலில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். புத்தகம் அருகே மேஜையில் இருந்தது. புத்தம் புதிது. சலைன் பக்கத்தில் அடையாளத்துக்கு ரிப்பன் வைத்திருந்தாள். அன்று அவளுக்குக் கொடுக்க இருந்த முதல் வேலையே சலைன் ஏற்றுவதுதான்.

பேச்சியக்கா புத்தகத்தைத் திறந்து, பசையைத் தடவிச் சீட்டை ஒட்டினார். இசக்கி அதைப் படித்தாள். பிறகு என்னை அடையாளம் கண்டுகொண்டாள், கல்லூரி வாசலில் அவளுக்குப் புத்தகம் விற்றவன் நான்தான்.

"ஜெராக்ஸுல வேற மாதிரி இருந்துச்சேன்னு எனக்கு டவுட்டு வந்துச்சு சார். ஒரிஜினல்ல இருக்கறதுதான் சஹின்னு நெனச்சேன். நீங்கதான சொன்னீங்க."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. இன்றைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன, நல்ல சத்தமாக, ஆரோக்கியமாக. ஆஸ்பத்திரி வாசலில் பேச்சியக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நோட்டில் இசக்கியின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார்.

நானே வைத்துக்கொள்வேன் என்றால் நானே பார்த்துக்கொள்வேன் என்றும்தான் பொருள். பாதியை மட்டும் படித்துவிட்டு நாம் சாக்குப்பையோடு கிளம்பிவிடுகிறோம். எழுதியவரின் பெயர் நிற்க வேண்டும், உழைப்புக்கு அவருக்குப் பங்கு வர வேண்டும், ஒரு தவறு என்றால் ஓடிவந்து திருத்துகிற பொறுப்பு ஒருவருக்கு இருக்க வேண்டும். இந்த மூன்றுக்காகப் பதிப்புரிமை வேண்டும். மற்றபடி ஊரிலுள்ள எல்லா மிஷினையும் காவல் காப்பது நம்மால் ஆகிற காரியம் இல்லை, ஆகவும் வேண்டாம். உங்கள் மேஜைக்கு வரும் கடிதத்தைத் தயவுசெய்து கடைசி வரி வரை படியுங்கள்.

வழக்கைத் திரும்பப் பெறச் சில மாதங்கள் ஆயின. எனக்கு அந்த வருடம் பதவி உயர்வு வரவில்லை, அதில் வருத்தமும் இல்லை. அந்தக் கைப்புத்தகத்தை எழுதிய மாட்டுங்கா ஆசிரியையிடம் நடந்ததைச் சொல்லப் போனபோது நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவருடைய கைப்பிரதியில் தலைப்புகள் சரியாகவே இருந்தன. அவர் திட்டவில்லை. அந்தக் கடையிலேயே அச்சடிக்கட்டும், என் பெயர் இருந்தால் போதும், தப்பு இருக்கக்கூடாது என்றார். அதையே ஒப்பந்தமாக எழுதினோம். பேச்சியக்கா கடையில் வேண்டிய பாடத்தை மட்டும் அச்சடித்து விற்கலாம், ஆசிரியைக்குச் சிறு பங்கு, அங்கே ஒட்டப்படும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரே வாரத்தில் நிறுவனம் பதில் தர வேண்டும். மற்ற சந்துகளில் இன்றும் கேட்காமல் நகலெடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் பிள்ளைகள் நைன்டி ஃபீட் ரோடுக்கே வருகிறார்கள். அங்கேதான் புத்தகம் சரியாக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

மிஷின் திரும்பி வந்த அன்று ஒப்பந்தத்தை நான் கையில் கொண்டுபோனேன். இசக்கி அதை வரி வரியாகத் தமிழில் சொல்ல, பேச்சியக்கா மிஷின் மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டார். கடைசிப் பக்கம் வந்ததும் தாளை வாங்கிப் பார்த்தார். நிறுவனத்தின் பக்கம் எம்.டி.யின் கையெழுத்து இருந்தது.

"ஒண்ணுதான இருக்கு" என்றார்.

சட்டப்படி அது போதும் என்று சொல்ல வாயெடுத்தவன், பேனாவை எடுத்தேன். எடுத்துவிட்டுத் தயங்கினேன். என் கையெழுத்தை ஒருமுறை வேண்டாம் என்று சொன்னவர் அவர்.

பேச்சியக்கா தாளை என் பக்கம் திருப்பி, விரலால் இடத்தைக் காட்டினார்.

"இதுக்கு நீங்க போடலாம் சார்."